உணர்கம்பியின் இரண்டு கவ்விகள்

காபியை நானே போட்டுக்கொள்வேன். அடுத்தவர் போட்டது எனக்கு ஒத்துக்கொள்ளாது. அமெரிக்காவில், துலூத் நகரில் இருபத்தாறு வருடமாக மூச்சுக்கருவிகளைச் சோதிப்பதிலும் அதே குணம்தான்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், எளிதான விஷயம். மின்வழங்கியில் பன்னிரண்டு வோல்ட் வைத்தாலும், மெல்லிய நீளக் கம்பி வழியிலேயே ஒன்றரையைத் தின்றுவிடும். கருவிக்குப் பத்தரைதான் போய்ச் சேரும். அதற்காகத்தான் தனியே இரண்டு உணர்கம்பிகள். அவற்றில் மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் கருவியின் வாயில் உள்ள அளவை அப்படியே சொல்லும். வழங்கி பதின்மூன்றரைக்கு ஏறிக் குறையை நிரப்பிவிடும். அழகான ஏற்பாடு.

ஆனால் அன்று சோதித்தது, நோயாளி பிக்கப் வண்டியில் செருகும் வடத்தை. வண்டி பேட்டரிக்கு உணர்கம்பி கிடையாது; இஞ்சின் ஓடும்போது பதினான்கு வோல்ட், அணைத்தால் பன்னிரண்டுதான். புதுத் தலைமைப் பொறியாளர் கென்ட்ரா வாஸ்லர் பழக்கதோஷத்தில் உணர்கம்பிக் கவ்விகளைக் கருவிப் பக்கமே மாட்டினாள். அப்படி மாட்டினால் வழங்கி குறையை நிரப்பி, வடத்தின் பிழையை மறைத்துவிடும்.

"கிளென், ஒரு தடவ பாருங்க. சரியா இருக்கா?"

"ரெண்டு பட்டம் வாங்குனவங்க நீங்க. கம்பியப் பத்த வைக்கிறவன் நான் என்னம்மா சொல்ல?"

சிரித்தாள். கையெழுத்திட்டாள்.

அவள் போனதும் கவ்விகளை வழங்கிப் பக்கம் மாற்றினேன். பதினொன்றரைக்குக் கீழே அந்தக் கருவி நின்றுவிடும். நின்றது. முடிவை எழுதிய என் தாளைக் கிழித்துவிட்டு, அவள் தாளில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். புகார் வரட்டும், எல்லார் முன்னாலும் விளக்கலாம் என்று.

பிப்ரவரியில் லோர்னா ஹகலா என்ற பெண்மணி தொலைபேசியில் அழைத்தார்.

"ஏரிக்கரையில இஞ்சின அணைச்சதும் மிஷின் நின்னுபோச்சு சார். நல்லவேள, பக்கத்துல இருந்தேன். எங்க வீட்டுக்காரரு மூஞ்சியே நீலமாயிடுச்சு. அந்த மனுஷன் இந்தச் சனிக்கிழமையும் மீன் பிடிக்கப் போகணும்னு அடம் பிடிக்கிறாரு. போலாமா?"

ஒரே ஒரு புகாரென்றால் கென்ட்ரா சமாளித்துவிடுவாள். அந்த மாதிரி ஆட்கள் அவ்வளவு லேசில் விழுவதில்லை.

"தாராளமா போங்கம்மா. பேட்டரிய மட்டும் புதுசா மாத்திடுங்க."

மாற்றினார்களாம். உறைந்த ஏரிமேல் தூண்டிலைப் பார்த்துவர லோர்னாவுக்கு இருபது நிமிடம் ஆனது. அவர் கணவர் டோய்வோ ஹகலா இஞ்சின் அணைத்த வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

செய்தி கேட்டு கென்ட்ரா அழுதாள். கவ்வியை எங்கே மாட்டுவதென்று தெரியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்.

அதற்காகக் கூடிய கூட்டத்தில் நான் படம் வரைந்து விளக்கினேன். ஐந்தே நிமிடம். எல்லாருக்கும் புரிந்தது. இனி யாரும் அதைத் தவறாக மாட்டமாட்டார்கள். கணக்குப் பார்த்தால், நான் சில உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.