கண்டி ஒரு யன்னல், நுவரெலியா ஒரு படிக்கட்டு

நஸ்ரியா: ...சுவெற்றர் இல்லாம நுவரெலியாவா? வான்ல இருந்து இறங்கின உடனே உங்களுக்குப் பல்லுக் கிடுகிடுக்கும். மழை பெய்ஞ்சாலே போர்வைக்குள்ள சுருண்டு படுக்கிற ஆள் நீங்க.

பாஹிம்: நான் ஹாபர்ல கிரேன் ஓட்டுறவன் புள்ள. கடல் காத்துல ஊறின உடம்பு இது.

நஸ்ரியா: ஓம், ஓம். கிரேனுக்குள்ள கண்ணாடியையும் பூட்டிட்டு இருக்கிற மனிசனுக்கு எங்கால காத்து? கிழங்க ஒழுங்கா உரிங்க. தோலோட பாதிக் கிழங்கும் போகுது.

பாஹிம்: ரோல்சுக்குள்ள கிழங்கு குறைஞ்சா உனக்கு லாபந்தானே.

நஸ்ரியா: நல்லா இருக்கு உங்கட யாவாரம். மறுகா நாளைக்கு அந்தக் கடைக்காரன் என்ட முகத்துக்கு நேரயே ரோல்ஸப் பிச்சுக் காட்டுவான்.

பாஹிம்: சரி சரி... இஞ்ச பாரு, ரோட்டுல திரியிற மான் உள்ளுக்கு வந்திட்டு. படலையத் திறந்து விட்டது ஆரு?

நஸ்ரியா: நீங்கதான். பாண் வாங்கிட்டு வந்து திறந்தபடி விட்டீங்க. அந்தத் தோல அதுக்குப் போடுங்க. உங்களால இண்டைக்கு அதுக்குத்தான் பெருநாள்.

பாஹிம்: தின்னு மகளே, தின்னு... நஸ்ரியா, பயணக் காசு போடுற அந்தப் பால்மா டின் எங்க?

நஸ்ரியா: ஏன்?

பாஹிம்: சும்மா. பாக்க.

நஸ்ரியா: பாக்க என்ன இருக்கு? வானுக்குக் காணும், ரூமுக்குக் காணும், அங்க போய் நீங்க தின்னுற ஸ்ரோபெரிக்கும் காணும். நான் எண்ணிப் பாத்திட்டன்.

பாஹிம்: நிறைஞ்ச டின் இவ்வளவு நாளைக்கு அப்பிடியே இருந்ததே இல்லயே... அதான் ஒரு ஆசை.

நஸ்ரியா: கண்டிக்கும் இப்பிடித்தான் நிறைஞ்சது. கண்டி இப்ப எங்க?

பாஹிம்: மேல. மகளுக்குக் கட்டுற மாடியில, கிழக்குப் பக்க யன்னல்.

நஸ்ரியா: யாழ்ப்பாணம்?

பாஹிம்: வேணாம் புள்ள, விடியக்காலமே...

நஸ்ரியா: சொல்லுங்க. நல்லூர்ல ஐஸ்கிறீம் குடிப்பம், நாகதீவுக்குப் போட்ல போவம் எண்டு பாய்ல படுத்துக் கிடந்து கதை சொன்னீங்க. அந்த யாழ்ப்பாணம் எங்க?

பாஹிம்: ...கக்கூசு.

நஸ்ரியா: மாஷா அல்லாஹ். யாழ்ப்பாணம் முழுக்கக் கக்கூசாப் போச்சு. மறுகா நுவரெலியா? முதல் தரம் சேத்தமே, அது?

பாஹிம்: படிக்கட்டு. ஆனா நல்ல படிக்கட்டு. நீதான் ஏற மாட்டன் எண்டு நிக்கிறாய்.

நஸ்ரியா: கைபிடி இல்லாத படியில நான் ஏறுறதா? எனக்குக் கதிரையில ஏறி நிண்டாலே தலை சுத்தும். கைபிடி போட்ட அண்டைக்குச் சொல்லுங்க, ஏறுறன்.

பாஹிம்: மேல ஒருக்கா வந்து பாக்கணும் நீ. முழு ஹாபரும் தெரியும். என்ட கிரேன் தெரியும். அங்கால மூதூர்ப் பக்கம் போற போட் எல்லாம் தெரியும்.

நஸ்ரியா: அதத்தான் நாளும் பொழுதும் சொல்றீங்களே. சரி, இந்தத் தரம் நுவரெலியா நுவரெலியாவாவே இருக்கட்டும். சீமெந்தாகப் போகாம...

பாஹிம்: ஃபோன் அடிக்குது.

நஸ்ரியா: ஆரு?

பாஹிம்: மேசன் தம்பிராசா அண்ணன்... ஹலோ அண்ண, சொல்லுங்க... என்ன, டைல்ஸா?... எங்க, நிலாவெளியிலயா?... ஹோட்டல் கட்டி மிஞ்சினதா... அரைவாசி விலைக்கா! ...மாடி முழுக்கக் காணுமா? ...லொறி லுஹர் தொழுகைக்கு முதல் வெளிக்கிட்டிருமா? ...பொறுங்க அண்ண, வீட்டுல கேட்டுச் சொல்றன். வைக்கிறன்... நஸ்ரியா, கேட்டுச்சா?

நஸ்ரியா: கேட்டுச்சு.

பாஹிம்: அரைவாசி விலை.

நஸ்ரியா: ம்.

பாஹிம்: நீ என்ன இன்னும் எழும்பல்ல?

நஸ்ரியா: எங்க எழும்ப?

பாஹிம்: டின் எடுக்க. எப்பவும் நான் ஃபோன வைக்க முதலே டின் மேசையில இருக்குமே.

நஸ்ரியா: கையெல்லாம் மாவு... நீங்கதான் எப்பவும் சேட்டப் போட்டுக்கொண்டு ஓடுவீங்க. கம்பி மலிவு எண்டு கேட்டு, நோன்பு வாயோட கிண்ணியாவுக்குப் பாஞ்ச ஆள்தானே? இண்டைக்கென்ன சாரத்தோட குந்திக்கொண்டு இருக்கிறீங்க?

பாஹிம்: கிழங்கு உரிக்கச் சொன்ன நீதானே.

நஸ்ரியா: அடேயப்பா, நான் சொன்ன வேலையில என்ன ஒரு அக்கறை!

பாஹிம்: ...என்ன சொல்லுவம் அவருக்கு?

நஸ்ரியா: நீங்க என்ன நினைக்கிறீங்க?

பாஹிம்: இல்ல, நீ சொல்லு. மின்ஹாட வீடு. உன்ட மகள்ர வீட்டுக்கு எந்த டைல்ஸ் எண்டு நீதானே சொல்லணும்.

நஸ்ரியா: நிறம் சரியில்ல.

பாஹிம்: நிறத்தப் பத்தி அவர் ஒண்டும் சொல்லல்லயே.

நஸ்ரியா: ஹோட்டல்ல மிஞ்சினது எண்டா சாம்பலாத்தான் இருக்கும். சாம்பல் நிறத்துல ஊத்தை தெரியாது. ஊத்தை தெரியாட்டி ஆரும் கூட்ட மாட்டாங்க.

பாஹிம்: இப்பிடி ஒரு நியாயத்த நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்.

நஸ்ரியா: உங்கட நியாயத்தச் சொல்லுங்க பாப்பம்.

பாஹிம்: அது வந்து... டைல்ஸ் வழுக்கும்.

நஸ்ரியா: என்ன?

பாஹிம்: மழைக்கு வழுக்கும். புள்ள விழுந்திடுவா.

நஸ்ரியா: வீட்டுக்குள்ளயா மழை பெய்யும்?

பாஹிம்: யன்னலத் திறந்து வச்சா...

நஸ்ரியா: கண்டியால மழை வருமாக்கும்!

பாஹிம்: சிரிக்காத. உண்மையக் கேளு... இந்த ஒரு தரம் போயிட்டு வருவம் புள்ள. டைல்ஸ் ஓடிப் போகாது.

நஸ்ரியா: இதையே நான் சொன்னா என்ன சொல்லுவீங்க? "பொம்பிளப் புள்ளைய வச்சிக்கொண்டு ஊர் சுத்தப் போறியா?" எண்டுதானே?

பாஹிம்: அது நீ சொன்னது. "வீடு இல்லாம எங்கட பக்கத்துல ஆரு பொண்ணு கேட்டு வருவான், என்ட வாப்பா சவூதியில வெயில் காஞ்சு இந்தக் கீழ் வீட்டக் கட்டித் தந்ததாலதானே நீங்க வந்தீங்க" எண்டு, கலியாணம் முடிச்ச நாளில இருந்து சொல்றாய்.

நஸ்ரியா: வந்தீங்கதானே.

பாஹிம்: வந்தன்தான். வீட்டப் பாத்தா வந்தன்?

நஸ்ரியா: மறுகா?

பாஹிம்: உன்ட மாட்டுக் கறியப் பாத்து வந்தனான்.

நஸ்ரியா: போங்க அங்கால... இஞ்சாருங்க, ஒரு விசயம் கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்க. ஹாபர்ல என்னவும் பிரச்சினையா? வேலைக்கு?

பாஹிம்: ஒரு பிரச்சினையும் இல்ல.

நஸ்ரியா: அப்ப ஏன் டைல்ஸ் வேணாம் எண்டு நெளியிறீங்க?

பாஹிம்: நீயுந்தான் நெளியிறாய். பொறு... நஸ்ரியா, என்னப் பாரு. போன கிழமை கிளினிக் போனாயே. டொக்டர் என்னவும் சொன்னவரா?

நஸ்ரியா: என்ன சொல்ல?

பாஹிம்: சொல்லு புள்ள. அதுக்காகத்தான் நுவரெலியா பாக்கணும் எண்டு நிக்கிறியா?

நஸ்ரியா: அல்லாவே! என்னக் கபுறுக்குழிக்கே அனுப்பிட்டீங்களா? இரத்தம் கொஞ்சம் குறைவாம். கீரை தின்னட்டாம். அவ்வளவுதான்.

பாஹிம்: சத்தியமா?

நஸ்ரியா: சத்தியமா. கையத் தொடாதீங்க, மாவு... என்ன மனிசன் இது, கண்ணெல்லாம் கலங்கிட்டு.

பாஹிம்: பயம் காட்டுறாய் நீ... அந்தா, திரும்பவும் அவர்தான்.

நஸ்ரியா: எடுங்க.

பாஹிம்: என்ன சொல்ல?

நஸ்ரியா: உங்கட விருப்பம்.

பாஹிம்: வேணாம் எண்டு சொல்லவா? மறுகா என்னக் குறை சொல்ல மாட்டாயே?

நஸ்ரியா: சொல்ல மாட்டன். எடுங்க, நிண்டிடப் போகுது.

பாஹிம்: ஹலோ... ஓம் அண்ண. இல்ல, வேணாம்... வடிவாத்தான் இருக்கும், தெரியும்... இல்ல அண்ண, வேற டைல்ஸும் பாக்க வேணாம்... இல்ல, அடுத்த வருசமும் வேணாம். இனி மாடி வேலை ஒண்டும்... ஆ... ஓம் அண்ண. வைக்கிறன்... நஸ்ரியா, லொறி போகட்டாம்.

நஸ்ரியா: அடுத்த வருசமும் வேணாமா?

பாஹிம்: அது... வாயில வந்திட்டு.

நஸ்ரியா: இனி மாடி வேலையே இல்லயா? கூரை போட்டு, யன்னல் போட்டு, படி போட்டு, வெறும் தரையோட நிக்கிற வீட்டுக்கு இனி வேலை இல்லயா?

பாஹிம்: கிழங்கு முடிஞ்சுது. வேற என்ன உரிக்க?

நஸ்ரியா: உரிச்சது காணும். கதையச் சொல்லுங்க.

பாஹிம்: ...நீ தாங்க மாட்டாய்.

நஸ்ரியா: சொல்லுங்க.

பாஹிம்: நோன்புப் பெருநாள் முடிஞ்சு மின்ஹாவப் பேராதனைக் கம்பஸுக்கு பஸ் ஏத்தப் போனன்தானே. கம்பஸ் பேக்க மேல போட்டு, சீட்டுல இருத்திட்டு, நான் கீழ நிக்கிறன். பஸ்ஸுல இருந்தவ எழும்பி இறங்கி வாறா. என்ன மகள், ஃபோன விட்டிட்டியா எண்டன். "வாப்பா, எனக்கு மாடி வேணாம். வீட்டப் பாத்து வாற மாப்பிள்ளையும் எனக்கு வேணாம்" எண்டா.

நஸ்ரியா: நீங்க என்ன சொன்னீங்க?

பாஹிம்: கொண்டக்டர் கத்துறான்... ஒரு தண்ணிப் போத்தல் வாங்கிக் குடுத்து ஏத்தி விட்டன்.

நஸ்ரியா: பெத்த மகள் வாழ்க்கையப் பத்திக் கதைக்கிறா, வாப்பா தண்ணிப் போத்தல் வாங்கிக் குடுத்தாராம்!

பாஹிம்: வேற என்ன செய்ய? திரும்பி வரக்குள்ள முழுக்க உன்னத்தான் நினைச்சன். உன்ட வாப்பா உனக்குச் செஞ்சத நீ அவளுக்குச் செய்யணும் எண்டு இவ்வளவு காலம் ஒரு சாறி வாங்காம, ஒரு பயணம் போகாம... எப்பிடிச் சொல்ல இத உனக்கு? நஸ்ரியா... அழாத புள்ள.

நஸ்ரியா: அழல்ல. வெங்காயம்.

பாஹிம்: வெங்காயத்த நான் எழும்ப முதலே நீ வெட்டி முடிச்சிட்டாய்.

நஸ்ரியா: ...எனக்கு உங்களுக்கு முதலே சொல்லிட்டா.

பாஹிம்: என்ன?

நஸ்ரியா: பெருநாள் அண்டைக்கு விடிய. நான் வட்டிலப்பம் அவிச்சிக்கொண்டு நிக்கிறன். பின்னால வந்து என்னக் கட்டிப் பிடிச்சா. "உம்மா, மூத்தப்பாவ, உங்கட வாப்பாவ, நீங்க எத்தின வருசம் கண்ணால பாத்தீங்க?" எண்டா. மறுகா அவளே, "உங்களுக்கு வீடு கிடைச்சது, வாப்பா கிடைக்கல்ல. எனக்கு வீடு வேணாம், வாப்பா காணும்" எண்டா.

பாஹிம்: ...அப்பிடியா சொன்னவ?

நஸ்ரியா: வட்டிலப்பம் அடிப்பிடிச்சிட்டு. அடுப்புல பிழை எண்டு சொன்னனே, நினைப்பு இருக்கா?

பாஹிம்: இருக்கு. நல்லாத்தான் இருக்கு எண்டு சொல்லித் திண்டன்... பொறு. பொறு புள்ள. பெருநாள் அண்டைக்கே உனக்குத் தெரியும்.

நஸ்ரியா: ஓம்.

பாஹிம்: படி கட்டினது பெருநாளைக்குப் பிறகு.

நஸ்ரியா: ஓம்.

பாஹிம்: நுவரெலியாக் காச நீயே டின்னோட கொண்டு வந்து தம்பிராசா அண்ணன்ட கையில குடுத்தாய். மகள் வேணாம் எண்டு சொன்ன வீட்டுக்கு என்னத்துக்குப் படி?

நஸ்ரியா: உங்களுக்குந்தான் அப்ப தெரியும். நீங்க ஏன் பேசாம நிண்டீங்க?

பாஹிம்: டின்ன நீட்டக்குள்ள உன்ட முகத்த நீ பாக்கல்ல. நான் பாத்தன். அந்த முகத்துக்கு வேணாம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. நீ சொல்லு, ஏன் குடுத்தாய்?

நஸ்ரியா: படிக்கு முதல் இருந்த அந்த மர ஏணி. வேலையால வந்து தேத்தண்ணி குடிக்க முதல் அதுல ஏறிடுவீங்க. ஆடும் அது. நான் குசினி வாசல்ல நிண்டு அண்ணாந்து பாத்து அல்லா அல்லா எண்டு நிப்பன். நீங்க மேல நிண்டு, "ஹாபர் முழுக்கத் தெரியுது புள்ள" எண்டு கத்துவீங்க. அப்பிடி ஒரு சிரிப்பு. நாள் முழுக்கக் கிரேன்ல குந்தியிருந்திட்டு வாற மனிசனுக்கு அந்தச் சிரிப்பு ஒண்டுதான் மிச்சம். அத ஏன் கெடுக்க? அந்தப் படி மின்ஹாவுக்கு இல்ல. நீங்க விழாம ஏறத்தான்.

பாஹிம்: நஸ்ரியா...

நஸ்ரியா: சரி, அழுதது காணும். கையக் கழுவிட்டு வாறன், இண்டைக்கு என்னயும் மேல கூட்டிக்கொண்டு போங்க. எங்கட நுவரெலியாவுல ஏறி ஹாபரப் பாப்பம்.

பாஹிம்: இப்பவா? கைபிடி இல்லயே.

நஸ்ரியா: உங்கட கை இருக்குத்தானே.

பாஹிம்: வெயில்... பின்னேரம் பாப்பமே.

நஸ்ரியா: என்ன, திரும்பவும் நெளியிறீங்க? இன்னும் என்ன ஒளிச்சு வச்சிருக்கிறீங்க?

பாஹிம்: மேல நிண்டா ஹாபர் தெரியாது புள்ள. முன் வீட்டுப் பாக்கியரத்தினம் டீச்சர்ர தண்ணித் தாங்கி மட்டுந்தான் தெரியும். நீ குசினி வாசல்ல நிண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டு இருப்பாய்... அதப் பாத்துத்தான் நான் சிரிக்கிறனான்.