வாளி அண்ணனின் நாற்பத்தொன்றாவது கேசட்

இந்த அவையை நடத்தித் தரும் ஒலிக் காப்பகத்தின் இயக்குநர் அவர்களே, எங்கள் குழுவில் மவுத் ஆர்கன் வாசித்த அக்கா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, லிஃப்ட் பணிமனையிலிருந்து சீருடையோடு நேராக வந்திருக்கும் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அழுது முடிக்க அது போதாது. அதனால் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

யார் இந்த வாளி அண்ணன்? காலையில் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் இரண்டு காலிப் பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு, வீட்டுக்கு ஓடுகிற கூட்டத்தையே நிற்கவைத்த கலைஞர்! அவருடைய வாளி, அக்காவின் மவுத் ஆர்கன், என் தொண்டை. இவ்வளவுதான் எங்கள் குழு. எங்களுக்கு மேடை கிடையாது, அனுமதி கிடையாது, எங்கள் பாட்டை வெளியிட ஒரு நாதி கிடையாது. பேருந்து நிறுத்தம், நீதிமன்ற வாசல், ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதை என்று நாலு பேர் நிற்கிற இடத்தில் பாடுவோம். போலீஸ் வந்தால் கலைவோம்.

அன்று பாடியதெல்லாம் காற்றோடு போயிற்று என்றுதான் முப்பது வருடமாக நினைத்திருந்தேன். போகவில்லை! அண்ணன் இறந்த பதினைந்தாம் நாள், அண்ணி ஒரு துணிப்பையை இந்தக் காப்பகத்தில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே நாற்பத்தொரு கேசட். அவற்றைக் கேட்டு, எது எந்தப் பாட்டு என்று எழுதித் தரச் சொல்லி என்னை அழைத்தார்கள்.

ரெக்கார்டரைத் தன் கருவிப் பைக்குள் ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்து, பையை வாளிக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார் மனிதர். விளைவு என்ன? வாளி இடியாக இடிக்கிறது. நான் பக்கத்துத் தெருவில் பாடுகிறேன்! அக்காவுக்கும் எனக்கும் அன்றே இது தெரிந்திருந்தால் பெரிய சண்டை நடந்திருக்கும்.

ஆனால் ஒவ்வொரு கேசட்டும் அவருடைய குரலில்தான் தொடங்குகிறது. கிழமை, இடம், வானிலை, எங்கள் மூவரில் வந்தவர் கணக்கு. பணிமனையில் காலையில் ஆள் கணக்குச் சொல்வார்களே, அதே தோரணை. ஒரு விஷயத்தைக் கவனித்தேன். யாரையும் அவர் ‘வரவில்லை’ என்று சொன்னதே இல்லை. “வந்தவங்க ரெண்டு பேர். அக்கா வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க.” “வந்தவங்க ரெண்டு பேர். தம்பிக்குத் தொண்டை கட்டியிருக்கு.” எனக்கு அன்று தொண்டை கட்டவில்லை, தோழர்களே. அவரோடு கோபித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன்.

இனி நாற்பத்தொன்றாவது கேசட்.

எங்கள் கடைசி நாள் கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். நான்தான் சொல்லிச் சொல்லி ஆக்கினேன். போலீஸ் வண்டி வந்தது, வாளி அண்ணன் முதல் ஆளாக ஓடினார், நான் கடைசி வரி வரைக்கும் நின்று பாடினேன், அத்தோடு குழு உடைந்தது என்பது கதை. பேட்டிகளில் சொன்னேன். கட்டுரையில் எழுதினேன். மகளே, உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரைச் சிரிக்கவைத்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன்.

ஒருமுறை வானொலியில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, “நீங்கதான் முதல்ல ஓடினீங்களாமே?” என்று அவரிடமே கேட்டார்கள். என்ன சொன்னார் தெரியுமா? “காலி வாளி சார், கனமே இல்ல. ஓட வசதியா இருந்துச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேசட் என்ன சொல்கிறது? “வியாழக்கிழமை. சுரங்கப்பாதை. தூறல். வந்தவங்க ரெண்டு பேர். அக்காவுக்கு ஆபீஸ்ல வேலை.” இரண்டு பாட்டு முடிகிறது. மூன்றாவது பாட்டில் வண்டிச் சத்தம் கேட்கிறது. என் குரல் பாதி வரியில் நிற்கிறது. பிறகு, ஓடுகிற செருப்புச் சத்தம். அது என் செருப்பு.

வாளி நிற்கவில்லை! கூட்டத்தில் யாரோ கேட்கிறார்: “பாடினவரு எங்கப்பா?” அண்ணன் பதில் சொல்கிறார்: “தண்ணி குடிக்கப் போயிருக்காரு. வந்துருவாரு.” சொல்லிவிட்டு அடிக்கிறார். நான் பாட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்து, விரலால் மட்டும் தட்டிக்கொண்டு காத்திருக்கிறார். முழுப் பாட்டுக்கும் அப்படிக் காத்திருக்கிறார். கடைசியில் ஓர் அதட்டல்: “எவன்டா பாடுனது?” “பாட்டா? நான் வாளிதான் சார் அடிச்சேன்.” அதோடு ஒலிநாடா முடிகிறது.

அன்று அவரைப் பிடித்துப் போய் போலீஸ் ஸ்டேஷனில் எவ்வளவு நேரம் உட்காரவைத்தார்களோ தெரியாது. போன வாரம் அண்ணியிடம் கேட்டேன். “அன்னைக்கு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்னு சொன்னாருங்க. மூணு மணி நேரமாம். ஒரு மெக்கானிக் லிஃப்ட்ல மாட்டுவாரான்னு நானும் கேட்டேன்” என்றார்.

அவர் அங்கே இருந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அக்காவின் அலுவலக வாசலில் நின்று, அண்ணன் ஓடிவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தேன், ஓடினேன், ஓடியதற்கு வெட்கப்பட்டேன். அக்கா, அந்தப் பொய்யை முதலில் உங்களிடம்தான் சொன்னேன். இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மகளே, உன் அப்பா ஓடவில்லை. ஓடியவன் நான்.

இன்னும் ஒன்று. கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் பிறகு யாரும் அதன்மேல் எதையும் பதிய முடியாது. நாற்பது கேசட்டிலும் அண்ணன் ஒழுங்காக உடைத்து வைத்திருந்தார். நாற்பத்தொன்றாவதில் உடைக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். மறந்தாரா? ஒரு திருகாணியை எண்ணாமல் லிஃப்ட் கதவை மூடாதவரா மறப்பார்! எனக்காக விட்டுவைத்திருந்தார். சாவதற்குள் நானே சொல்வேன் என்று காத்திருந்தாரோ, இல்லை, அழித்துக்கொள் தம்பி என்றுதான் விட்டாரோ, இனி யாரிடம் கேட்பது?

அந்த அறையில் தனியாகத்தான் இருந்தேன். பொத்தானில் விரல் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். பிறகு பேனா முனையால் இரண்டு துண்டுகளையும் உடைத்தேன். இதோ, என் சட்டைப் பையில் இருக்கின்றன.

காப்பகத்தில் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்கள்: “சார், காலியா இருக்கிற இடத்துல நீங்க இப்ப பாடிச் சேர்த்துடலாமே? யாருக்கும் தெரியாது.” வேண்டாம். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். அவர் காத்திருந்தது அப்படியே கேட்கட்டும். என் குரல் எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதைப் பட்டியலில் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இந்த நாற்பத்தொரு கேசட்டையும் மாதம் ஒன்றாக, கேட்க வருகிறவர்களுக்கு நானும் அக்காவும் போட்டுக் காட்டுவோம். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னபடியே கணக்குச் சொல்லித்தான் தொடங்குவோம். இது என் உறுதிமொழி. அதை இன்றே தொடங்கிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. காப்பகத்துக் கூடம். வெயில். வந்தவங்க ரெண்டு பேர்.

வாளி அண்ணன் தண்ணி குடிக்கப் போயிருக்காரு.