சேர் எட்மண்ட் கார்விக்கின் வரலாறு

ரோவிலிலிருந்து மெல்பேர்ண் நகருக்குள் போவதென்றால் காலை ஏழு மணிக்கு முன்பே வெளிக்கிட வேண்டும். பிந்தினால் வீதியிலேயே அரைநாள் போய்விடும். அந்த விசாரணை நாளன்றும் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் பெயர் விக்னராஜா. அகதி விசாரணைகளில் தமிழருக்கு மொழிபெயர்ப்பவன். மிச்ச நேரமெல்லாம் சேர் எட்மண்ட் கார்விக்குக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் வடக்கில் அதிகாரியாகத் தொடங்கி, இங்கே ஆளுநராக ஓய்வுபெற்றவர். பதின்மூன்று வருடம் அவர் வரலாற்றை எழுதினேன். எட்டுப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஒன்பதாவது, 2012 தொடக்கத்தில், சம்மதித்தது.

அந்தச் சந்தோசத்தில் நம்மவர் கூட்டமொன்றில் பேசினேன். கொலரா காலத்தில் ஊர் ஊராக மருந்து அனுப்பிய கருணையாளர் என்றேன். பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். இளங்கீரன். படகில் வந்தவர். ஊரில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் பழைய தாள்களைத் தூசி தட்டி அடுக்கும் வேலை பார்த்தவராம்.

"ஐயா, கொலரா வந்த ஊருகளை அடைக்கச் சொல்லித் தமிழில அடிச்ச அறிவித்தல் ஒண்டு பாத்தனான். தண்ணி கொண்டு போறவையைச் சுடச் சொல்லிக் கிடந்தது. கீழ இந்தக் கார்விக்கின்ர பேர்தான்."

சபை என்னைப் பார்த்தது. தேநீர் நேரத்தில் அவரே கிட்ட வந்தார்.

"கோவிக்காதேங்கோ. கட்டு நம்பர் ஞாபகமிருக்கு, எழுதித் தாறன். உங்கட புத்தகத்துக்கு உதவும்."

நான் வாங்கவில்லை. அவர் யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் பதிப்பாளருக்கு எழுதுவித்தார். விசாரித்து முடியும்வரை நூல் நிற்கட்டும் என்று பதில் வந்தது. பதின்மூன்று வருடம், ஒரு தாள் அடுக்குபவரால்.

ஓகஸ்டில் விசாரணை அறைக் கதவைத் திறந்தால் உள்ளே அவர் இருந்தார். தெரிந்தவருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல காலம் ஐயா, நீங்கள் வந்தது."

நான் சொல்லவில்லை.

அவர் நிதானமாகத்தான் பேசினார். "வீட்டை வந்து என்னை ஏத்திக்கொண்டு போனவங்கள். பத்து நாள் வைச்சு அடிச்சவங்கள்."

"வீட்டுக்கு வந்து அழைத்தார்கள், போனேன். பத்து நாள் கடுமையாகப் பேசினார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நாள் கணக்கை நான் மாற்றவில்லை. வந்தவர்களையும் குறைக்கவில்லை.

அவர் முன்பு எழுதிக் கொடுத்ததில் சித்திரவதை இருந்தது. அன்று வாயால் சொன்னதில் இல்லை. முன்னுக்குப்பின் முரண், நம்பமுடியாதவர் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சொன்னவரே இல்லையென்று ஆனதும் பதிப்பாளரும் விசாரணையை விட்டுவிட்டார். நூல் அச்சுக்குப் போனது.

போன மாதம் இளங்கீரனின் மனைவி யோகா வவுனியாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"விமானத்தால இறங்கினவராம் ஐயா. வெளியால வரேல்லை. இவர் உங்களைப் பற்றி நல்லாச் சொன்னவர், அதுதான் எடுத்தனான்."

இளங்கீரனை அனுப்பியது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் கணவரைத் தேடித் தரக் கேட்கும் யோகாவின் மனுக்களை இப்போது நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் மாறாது. மொழிபெயர்ப்பில் நான் மிகக் கவனமானவன்.