தொண்ணூற்றேழாம் நாள் சாப்பாடு

அத்தை: முதல்ல அதைக் கழட்டு.

நான்: எதை அத்தை?

அத்தை: தலையில குத்தியிருக்கியே, அந்த வெள்ளை நூலை. பக்கத்து மேசைக்காரி மூணு தடவை திரும்பிப் பார்த்துட்டா.

நான்: பார்க்கட்டும்.

அத்தை: புருஷன் செத்தா பெண்டாட்டி வைக்கிற நூல் அது, மான்லி. நீ யாரு? தேமிங்குக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு. அவ்வளவுதான்.

நான்: நிச்சயத்தன்னைக்கு என் கழுத்துல சங்கிலி போட்டது நீங்கதானே?

அத்தை: போட்டேன். இப்ப திருப்பிக் கொடுன்னா கொடுப்பியா?

நான்: மாட்டேன்.

அத்தை: அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன். வீட்டுல பேசினா தரையில விழுந்து அழுவ. இங்க வெள்ளை விரிப்பு, கண்ணாடிச் சுவரு, கோட்டுப் போட்ட சர்வரு... அழுதாலும் மரியாதையா அழுவ.

நான்: நான் அழ வரலை. கேட்க வந்தேன். அவர் போய் இன்னைக்குத் தொண்ணூத்தேழு நாள்.

அத்தை: பெத்தவளுக்கு எண்ணத் தெரியாதா?

நான்: இன்னும் மூணு நாள்தான் அத்தை. நூறு நாளுக்குள்ள கல்யாணம் முடிக்கலைன்னா மூணு வருஷம் பண்ணக் கூடாது.

அத்தை: செத்தவனுக்கு என்ன அவசரம்?

நான்: எனக்கு அவசரம். விருந்து வேண்டாம், புது உடுப்பு வேண்டாம். அவர் பேர் எழுதி வைச்சிருக்கீங்களே, அந்தப் பலகைக்குப் பக்கத்துல நின்னு கும்பிடறேன். உங்க வீட்டு மருமகளா உள்ளே வந்துடறேன். அவ்வளவுதான்.

அத்தை: பலகையைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணுவ? அது குறட்டை விடுமா?

நான்: அவர் மட்டும் விடாம இருந்தாரா?

அத்தை: சின்ன வயசுல விட்டான்... உனக்கு எப்படித் தெரியும்?

நான்: அத்தை...

அத்தை: சரி சரி. நான் ஒண்ணும் கேட்கலை. டீயைக் குடி.

நான்: நீங்க ஏன் அந்தக் கதவையே பார்த்துட்டு இருக்கீங்க?

அத்தை: எந்தக் கதவை?

நான்: சமையலறைக் கதவை. அது ஆடற போதெல்லாம் உங்க கழுத்து திரும்புது.

அத்தை: பழக்கம்... பள்ளிக்கூடம் விடற நேரத்துல கேட்டுக்கு வெளியே நின்னு நின்னு வந்த பழக்கம். எல்லாப் பிள்ளைங்களும் போனப்புறம்தான் வருவான், கடைசி ஆளா. செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு.

நான்: அத்தை, சர்வர் வர்றாரு.

சர்வர்: வணக்கம், வாங்க! எங்க மியூசியத்துக்கு இதுதான் முதல் தடவையா மேடம்?

அத்தை: சாப்பிட வர்றது முதல் தடவை. ஆறு வருஷமா வரணும்னு இருந்தேன்.

சர்வர்: ஆறு வருஷமா! அப்ப மாடியில பச்சைக்கல்லுல செதுக்கின கோஸைப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க?

அத்தை: எங்க... கூட்டம். நாலு தலைக்கு நடுவுல பச்சையா ஒரு நுனி தெரிஞ்சது.

சர்வர்: கவலையே படாதீங்க. மேல இருக்கிறதைக் கடிச்சா பல்லு போயிடும். இதைக் கடிக்கலாம். பாருங்க, அதே அளவு, அதே வளைவு. அடித்தண்டு வெள்ளை. அது மணப்பொண்ணோட தூய்மையாம். இலை மேல வெட்டுக்கிளி இருக்கே, அது வம்சம் பெருகறதுக்கு. அரண்மனைக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பொண்ணோட சீதனம்னு சொல்லுவாங்க. நாங்க வெட்டுக்கிளிக்குப் பதிலா இறால் வைக்கிறோம். கல்யாணம் பேச வர்ற குடும்பங்க எல்லாம் இதைத்தான் கேட்பாங்க. நீங்களும்...?

அத்தை: நாங்களும் கல்யாணம்தான் பேசறோம்.

சர்வர்: அடடா! பொண்ணு இவங்களா? மாப்பிள்ளை வந்துட்டு இருக்காரா? இன்னொரு தட்டு வைக்கட்டுமா?

நான்: வேண்டாங்க.

அத்தை: அவனுக்கு இன்னைக்கு வர முடியலை.

நான்: இந்தக் கோஸை இப்ப யாருங்க செய்யறாங்க?

சர்வர்: ரெண்டு பேர் மாத்தி மாத்திச் செய்யறாங்க. முன்னாடி ஒருத்தரே செய்வாராம். நான் சேர்ந்து ஒரு மாசம்தான், பார்த்ததில்லை. அவர் கை வைச்சா இறாலோட மீசை ரெண்டும் நெட்டுக்குத்தா நிக்குமாம். இவங்களுக்குப் படுத்துக்குது. பெரிய சமையல்காரர் தினமும் திட்டறாரு.

அத்தை: அவர் எங்க போயிட்டாரு, முன்னாடி இருந்தவரு?

சர்வர்: வேலையை விட்டுட்டாராம் மேடம். இதை விட நல்ல இடம் கிடைச்சிருக்கும். ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க.

அத்தை: நல்ல இடம்.

நான்: அவருக்குத் தெரியாது அத்தை. யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

அத்தை: தெரியாதவன் சொல்றதுதான் கேட்க நல்லா இருக்கு. வேலையை விட்டுட்டான். எங்கேயோ ஒரு ஊர்ல மீசையை நட்டு வைச்சுக்கிட்டு இருக்கான்... சாப்பிடு.

நான்: நீங்க முதல்ல.

அத்தை: ம்... வெறும் கோஸ். உப்பு கூட இல்லை. ஆறு வருஷமா இதையா செஞ்சான்? வீட்டுல எனக்கு ஒரு முட்டை பொரிச்சுக் கொடுத்தது கிடையாது. என்னைக் கூட்டிட்டுப் போடான்னா, "அது வெளியூர்க்காரங்க போட்டோ எடுக்கறதுக்கும்மா, நீ திங்கறதுக்கு இல்லை"ன்னுவான்.

நான்: என்கிட்டயும் அதேதான். கிட்ட வந்தா மட்டும் விரல்ல இறால் வாசனை.

அத்தை: எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சாலும் போகாது.

நான்: போகாது.

அத்தை: ...

நான்: அத்தை, பக்கத்து மேசையம்மா மறுபடி பார்க்கறாங்க. மரியாதையா அழுங்க.

அத்தை: நான் கிழவி. எனக்கு ஏது மரியாதை? பெட்டியை மூடறதுக்கு முன்னாடி என் கையில குச்சியைக் கொடுத்தாங்களே... பெத்தவளுக்கு முன்னாடி போன பிள்ளையைத் திட்டி, பெட்டி மேல மூணு அடி அடிச்சு அனுப்பணும்னு. ரெண்டு அடிச்சேன். மூணாவதுக்குக் கை எழும்பலை. என் தம்பிதான் என் கையைப் பிடிச்சு அடிக்க வைச்சான்.

நான்: பக்கத்துலதானே நின்னேன்.

அத்தை: நின்னேல்ல? அந்தச் சத்தத்தைக் கேட்டேல்ல? அப்புறமும் என்னடி கல்யாணம்?

நான்: அதனாலதான் கேட்கறேன். உங்களுக்குப் பின்னாடி அவருக்கு யாரு ஊதுபத்தி ஏத்துவா?

அத்தை: கோயில்ல வைச்சுடுவேன். அங்க பார்த்துப்பாங்க.

நான்: ஆயிரம் பலகையில ஒரு பலகையா? நான் இருக்கும்போது எதுக்குக் கோயிலு?

அத்தை: உனக்கு இருபத்தொன்பது வயசு.

நான்: முப்பது. போன வாரம் முடிஞ்சது.

அத்தை: ...நூடுல்ஸ் சாப்பிட்டியா?

நான்: இல்லை.

அத்தை: பிறந்தநாளுக்கு ஒரு வாய் நூடுல்ஸ் கூட இல்லாம... எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? பன்றிக்கால் போட்டு ஆக்கி எடுத்துட்டு வந்திருப்பேன்.

நான்: பாருங்க. இப்படியும் பேசறீங்க, வீட்டுக்கு வராதேன்னும் சொல்றீங்க.

அத்தை: நான் எங்க சொன்னேன்? அவன் சொன்னான். பலகைக்கு முன்னாடி நின்னு கேட்டேன். ரெண்டு காசைச் சுண்டிப் போட்டேன். மூணு தடவையும் வேண்டாம்னுட்டான்.

நான்: ரெண்டு காசும் ஒரே பக்கமா விழுந்துதா? மூணு தடவையும்?

அத்தை: ஆமா.

நான்: என்னைக்குக் கேட்டீங்க?

அத்தை: ஒண்ணாம் தேதி.

நான்: போன்ல பதினஞ்சாம் தேதின்னீங்க.

அத்தை: நீ எப்ப போலீஸ்ல சேர்ந்தே?

நான்: இங்க ஒரு தடவை கேட்போம் அத்தை.

அத்தை: எங்க?

நான்: இந்த மேசையில. என்கிட்ட ரெண்டு பத்து டாலர் காசு இருக்கு. அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் அவர் அடுப்பு. வீட்டுல இருந்ததை விட இங்க நின்ன நேரம்தான் அதிகம். வந்தா இங்கதான் வருவாரு.

அத்தை: புத்தி கெட்டுப் போச்சா? மியூசியத்துல உட்கார்ந்து செத்தவனைக் கூப்பிடறதா?

நான்: மாடி பூரா செத்தவங்க சாமான்தானே இருக்கு.

அத்தை: காசை உள்ளே வை. மான்லி, சொன்னா கேளு.

நான்: தேமிங்... நான் மான்லி. உங்கம்மாவும் இருக்காங்க. உங்க கோஸைச் சாப்பிட்டோம், நல்லா இல்லை. என்னை உங்க வீட்டுக்கு எடுத்துக்கறீங்களா? மூணு தடவை சரின்னா சரி. ஒரு தடவை வேண்டாம்னாலும் எழுந்து போயிடறேன்.

அத்தை: மெதுவாப் பேசு...

நான்: ஒண்ணு தலை, ஒண்ணு எண். சரின்னுட்டாரு அத்தை.

அத்தை: ஒரு தடவைதானே.

நான்: ரெண்டாவது... ஐயோ!

சர்வர்: மேடம், காசு உருண்டு வந்துடுச்சு. இந்தாங்க.

நான்: எடுக்காதீங்க! எந்தப் பக்கம் இருந்தது?

சர்வர்: நாற்காலிப் பக்கம்.

நான்: இல்லைங்க, தலையா எண்ணா?

சர்வர்: கவனிக்கலையே... பந்தயமா மேடம்? இதோ, இறைச்சிக்கல் வந்தாச்சு. மேல கண்ணாடிக்குள்ள இருக்கிறது கல்லு, பார்த்தா பன்றிக்கறி. இது பன்றிக்கறி, பார்த்தா கல்லு. தோல்ல இருக்கிற புள்ளி கூட ஊசியால குத்தினது. கொழுப்பும் கறியும் சேர்த்து ஒரே வாயா...

அத்தை: வைச்சுட்டுப் போங்க தம்பி. நாங்க பார்த்துக்கறோம்.

சர்வர்: சரிங்க மேடம்.

அத்தை: கறி மாதிரி ஒரு கல்லு, அந்தக் கல்லு மாதிரி ஒரு கறி. உன் கல்யாணம் மாதிரியே இருக்கு. மாப்பிள்ளை மாதிரி ஒரு பலகை, பெண்டாட்டி மாதிரி நீ.

நான்: இருந்துட்டுப் போகட்டும். தரையில விழுந்தது கணக்குல இல்லை. மறுபடி போடறேன்.

அத்தை: அவனுக்குப் பிடிக்கலைன்னுதான் காசைக் கீழே தள்ளினான்.

நான்: தலை, எண். ரெண்டாவது தடவையும் சரிதான். பாருங்க, நல்லாப் பாருங்க.

அத்தை: போதும் மான்லி.

நான்: இன்னும் ஒண்ணே ஒண்ணு. தேமிங், இதுதான் கடைசி... அத்தை! கையை எடுங்க.

அத்தை: மாட்டேன்.

நான்: காசு உங்க கைக்கு அடியில இருக்கு. விழுந்தது விழுந்ததுதான். எடுங்க.

அத்தை: எடுத்தா அதுவும் சரின்னுதான் இருக்கும். யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்லத் தெரியாதவன் அவன். உயிரோட இருந்தப்பவும் அதுதானே அவன் வியாதி.

நான்: அப்ப வீட்டுல மூணு தடவை வேண்டாம்னு சொன்னது?

அத்தை: ...நான் போடவே இல்லை.

நான்: அத்தை...

அத்தை: பயம். சரின்னு விழுந்துட்டா உன்னைத் தடுக்க என்கிட்ட வேற வழி கிடையாது. இருக்கிற காரணத்தை வாய் விட்டுச் சொல்லவும் முடியாது.

நான்: என்ன காரணம்?

அத்தை: கறி ஆறுது.

நான்: ஆறட்டும். என்ன காரணம்?

அத்தை: அன்னைக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணினான். இங்கிருந்துதான். பின்னாடி பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுச்சு. "அம்மா, சாயங்காலம் கீலுங் போறேன்"னான். மான்லியைப் பார்க்கவாடான்னேன். ஆமான்னான். அப்புறம் பேச்சே இல்லை. வைச்சுட்டானோன்னு பார்த்தேன். "அம்மா, இந்தக் கல்யாணம் வேண்டாம்மா. இன்னைக்கு நேர்ல போய் அவகிட்டச் சொல்லிடறேன்"னான். வேற யாராவது இருக்காங்களாடான்னு கேட்டேன். இல்லைன்னான். பின்னே ஏண்டான்னா, தெரியலைம்மான்னான். விருந்துக்கு முப்பது மேசை சொல்லியாச்சே, பத்திரிகை அடிச்சாச்சேன்னு கத்தினேன். என் பிள்ளைகிட்டக் கடைசியா நான் பேசினது மேசையைப் பத்தி, மான்லி.

நான்: அத்தை, வேண்டாம்...

அத்தை: இரு, சொல்லி முடிச்சுடறேன். விட்டா இனிமே வராது. மழையில சுரங்கப்பாதை தாண்டி ஸ்கூட்டர் சறுக்கிடுச்சுன்னு போலீஸ் வந்து சொன்னப்ப, எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? நல்லவேளை, அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுன்னு தோணுச்சு. பெத்த வயித்துக்கு அப்படித் தோணலாமா? ஆனா தோணுச்சு. உன்கிட்ட வர்ற வழியிலேயே போயிட்டான், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போயிட்டான். நீ அவனை நல்லவனாவே நினைச்சு அழுவ, ரெண்டு மூணு வருஷத்துல தேறிடுவ, வேற ஒருத்தனைக் கட்டிப்ப... இத்தனை நாளும் இதை நினைச்சுத்தான் வாயைக் கட்டிட்டு இருந்தேன்.

நான்: இன்னைக்கு ஏன் சொன்னீங்க?

அத்தை: நீதான் காசை எடுத்துட்டியே. உன்னை வேண்டாம்னவனுக்கு உன்னைக் கட்டி வைக்க என்னால முடியலைம்மா. எனக்கும் ஆசைதான். காலையில எழுந்தா வீட்டுல இன்னொரு ஆள் நடமாடற சத்தம் கேட்காதான்னு இருக்கு. அந்த ஆசைக்காக உன்னை ஏமாத்தலாமா? இப்ப சொல்லு. இதுக்கு அப்புறமும் அந்தப் பலகைக்குப் பக்கத்துல நிப்பியா?

நான்: நிக்கணும்.

அத்தை: ஏண்டி? இன்னும் என்ன இருக்கு?

நான்: அவர் வர்ற வழியில விழலை அத்தை... திரும்பிப் போற வழியில. எல்லாரும் என்னைப் பார்க்க வந்தப்பன்னு சொன்னாங்க, நான் பேசாம இருந்துட்டேன். அன்னைக்கு அஞ்சரை மணிக்கே வந்துட்டாரு. ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம வாசல்ல நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. மழை கொஞ்சம் விடட்டும், அது வரைக்கும் இருந்துட்டுப் போறேனேன்னு கேட்டாரு. நான்தான், "போ, போய்ச் சாவு"ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன்.