டீ கிளாஸ் போட்ட வட்டம்

ஏல மணம் இறங்கிவரும் இந்த மலையடிவாரத்தில், இன்று எனக்கு வாய்த்த முதல் ஆபத்து வணக்கம் சொல்வது! மேடையில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக விளித்தால் ஒருவர் முகம் வாடும். வலமிருந்து இடமாக விளித்தால் இன்னொருவர் எழுந்து போவார். ஆகவே, நாற்காலிகளைச் சுமந்து வந்து நமக்கெல்லாம் இடம் தந்த மொக்கையன் அண்ணன் அவர்களே, மூன்று நாளும் முகம் சுளிக்காமல் சோறு பொங்கிய தாய்மார்களே, முகாமை நடத்திய ஆசிரியை சந்திரவல்லி அவர்களே, பகை முடித்த பிள்ளைகளே, பகை முடிக்காத பெரியவர்களே, வணக்கம்!

நான் ஜேசுதாஸ். விழாக்குழுச் செயலாளர், கடைவீதியில் தார்ப்பாய் விற்பவன்.

எதற்காக இந்த முகாம்? போன வருடம் கைப்பந்து ஆட்டத்தில், கோட்டை மிதித்தான், மிதிக்கவில்லை என்று போடி ஊர் முபினும் ராசிங்காபுரம் இனியவனும் கட்டிப் புரண்டார்கள். அன்று முதல் இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பேச்சு இல்லை. பொறுத்தார்களா பெரியவர்கள்? பொங்கினோம்! பிள்ளைகளுக்குச் சகிப்புத்தன்மை போதித்தே தீருவோம் என்று முழங்கினோம்!

டீச்சர் முழங்கவில்லை. பெரிய காய், சிறிய காய், வெடித்த காய் எல்லாம் கலந்த ஏலக்காயை ஒரு தட்டில் கொட்டி, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார். சேர்ந்து தரம் பிரிக்க வேண்டும். ஒரே விதி: உன் மனக்குறையைச் சொல்லுமுன் எதிராளியின் மனக்குறையை நீ சொல்ல வேண்டும், அவன் சரி என்றால்தான் உன் முறை.

இருவரும் காய் பொறுக்கத் தொடங்கினார்கள். பிறகு முபின் சொன்னான்: "நான் கோட்ட மிதிச்சேன்னு நீ சொன்னத ஒருத்தரும் நம்பல. அது உனக்குக் கோவம். சரியா?"

"சரி. அம்புட்டுப் பேரு முன்னாடி உன்னைய ஏமாத்துக்காரன்னு சொல்லிப்புட்டேன். அது உனக்கு வருத்தம். சரியா?"

"சரிடா."

முடிந்தது! தட்டில் காய் மிச்சம் இருந்தது. பகை மிச்சம் இல்லை. இன்று இரண்டு ஊருக்கும் ஒரே அணி. நாளைக் காலை தேவாரத்தில் முதல் ஆட்டம்.

கைதட்டாதீர்கள், கதை இனிமேல்தான். அணியை அனுப்பும் கடிதத்தில் விழாக்குழு நிர்வாகிகள் மூன்று பேரும் கையெழுத்திட்டு, இன்று ஆறு மணிக்குள் இங்குள்ள போட்டி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கடிதம் இரண்டு நாளாக வெறும் தாளாகக் கிடக்கிறது. ஏன்? அச்சகத்துக்காரர் அழைப்பிதழில் துணைத்தலைவர் சம்சுதீன் அண்ணன் பெயரை மேலே போட்டுவிட்டார். தலைவர் விஜயராஜ் அண்ணன் பெயரைக் கீழே போட்டுவிட்டார்! இருவரும் ஏலக்காய் வியாபாரிகள். எட்டு மில்லிமீட்டர் காய் எது, ஏழு மில்லிமீட்டர் காய் எது என்று சலித்துப் பழகிய கைகள். அதற்காக ஆட்களையும் சல்லடையில் போடலாமா? முகாமுக்கு வந்த பிள்ளை ஹசீனா, அந்த ஏலக்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், எதிரெதிரே உட்கார இருவரையும் கூப்பிட்டாள். "எனக்குச் சோலி கெடக்கு ஆத்தா" என்றார் தலைவர். "அவரு மொதல்ல உக்காரட்டும்" என்றார் துணைத்தலைவர். இவர்கள்தாம் சகிப்புத்தன்மை முகாமின் தூண்கள்!

என்ன தம்பி? "நீங்க கையெழுத்துப் போட்டீங்களாண்ணே?" என்றா கேட்கிறாய்? கேட்காமல் இருந்திருக்கலாம். நானும் போடவில்லையப்பா. அழைப்பிதழில் என் பெயர் அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், எறும்பு அளவில்! ஊருக்கெல்லாம் பெருந்தன்மை பேசிவிட்டு, வீட்டில் பூதக்கண்ணாடி வைத்து அதைப் பார்த்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

மணி ஐந்தே முக்கால். இதோ, பிள்ளைகள் சார்பில் கார்த்திகா மேடையேறி ஒரு புதுக் கடிதம் தருகிறாள். அடியில் டீ கிளாசைக் கவிழ்த்து வரைந்த ஒரு வட்டம். "இதுல மேலயும் இல்ல, கீழயும் இல்ல மாமா. வட்டத்தச் சுத்திக் கையெழுத்துப் போடுங்க, வெரசா!" என்கிறாள்.

போடுகிறோம் தாயே. ஆனால் விதி விதிதான். விஜயராஜ் அண்ணே, தலைவராக இருந்தும் ஊர் பார்க்கக் கீழே தள்ளிவிட்டார்களே என்று உங்களுக்கு வருத்தம். சரியா? தலையாட்டுகிறார்! சம்சுதீன் அண்ணே, கேட்டு வாங்காத இடத்துக்கு ஏச்சு வாங்கினோமே என்று உங்களுக்கு வருத்தம். சரியா? கண்ணைத் துடைக்கிறார்.

என்ன தலைவரே, மைக் வேண்டுமா? பேசுங்கள்.

"ஏப்பா ஜேசுதாசு, மூணு நாளா ஓடியாடி அலைஞ்சவன் நீ. உம் பேர எறும்பாட்டம் போட்டத ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையேன்னு உனக்கு வருத்தம். சரியா?"

சரி அண்ணே. சரி.

பேனாவைக் கொடுங்கள்! முபின், இனியவன், மை காயுமுன் கடிதத்தோடு ஓடுங்கள்! சுற்றி அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும், எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்காமல், நன்றி, வணக்கம்!