கண்ணாடிக்குள் தொங்கிய உறை

தலைமையேற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் இளவரசன் அவர்களே! தறியோடு தவமிருக்கும் பெரியோர்களே! இழை பிணைத்தே விரல் தேய்ந்த தாய்மார்களே! முன்வரிசையில் முகம் இறுகி அமர்ந்திருக்கும் என் அத்தா, பட்டு வணிகர் கலீல் அவர்களே! கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் அம்பரீனின் அன்பு வணக்கம்!

நான்கு மாதத்துக்கு முன் நடந்தது என்ன? மாகறல் கல்யாண வீட்டார் எங்கள் கடைப் புடவையைப் பிரித்தார்கள். கரை ஜரிகையெல்லாம் பச்சை! நெய்தவர், அதோ கடைசி வரிசையில் இருக்கும் கதிர்வேல் அண்ணன். "நாம குடுத்த ஜரிகைய மாத்திட்டு டூப்ளிகேட் போட்டுக்கிறான்பா" என்றார் அத்தா. அன்றிலிருந்து ஐயம்பேட்டையில் அவருக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுக்க ஒரு கை நீளவில்லை.

திருடினாரா? இல்லை! ஏமாற்றினாரா? இல்லவே இல்லை! குற்றவாளியைக் கையோடு பிடித்து வந்திருக்கிறேன். இதோ, இந்தப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை!

"இன்னாம்மா, கவரு ஜரிகைய துன்னுமா?" என்கிறார் ஒரு பெரியவர். தின்னும் ஐயா! இது குழாயிலும் ஒயரிலும் இருக்கிற அதே பிவிசி. கரியணுக்கள் கைகோத்த நெடுஞ்சங்கிலி. ஒன்றுவிட்டு ஒன்றில் ஒரு குளோரின். செய்யும்போதே சில சங்கிலிகளில் பிழை விழுந்துவிடும். எங்கோ ஒரு வேண்டாத கிளை, எங்கோ ஓர் இரட்டைப் பிணைப்பு. அதை ஒட்டி நிற்கும் குளோரினுக்குப் பிடிமானம் போதாது. வெயில் பட்டால் ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டு வெளியேறும், வெளியேறியது அமிலம்! ஒன்று போனால் அடுத்தது, அடுத்தது போனால் அதற்கடுத்தது, தையல் பிரிவதுபோல. வெப்பம் தாங்கும் மருந்து குறைவாகச் சேர்த்த மலிவு உறை வேறு. அந்த அமிலம் ஜரிகையில் உள்ள வெள்ளியைக் கறுக்க வைக்கும், செம்பைப் பச்சையாக்கும்.

சும்மா சொல்லவில்லை. ஒரே கண்டு ஜரிகையில் பாதியை உறையில் போட்டேன், பாதியை மல்துணியில் சுற்றினேன். அந்தப் புடவை உறையோடு தொங்கிய, மேற்குவெயில் விழும் அதே கடைக் கண்ணாடிக்குள் ஏழு வாரம் வைத்தேன். பாருங்கள்! துணியில் இருந்தது மின்னுகிறது, உறையில் இருந்தது பச்சை!

கைதட்டாதீர்கள். காலங்காலமாக மல்துணியில் சுற்றிய வழக்கத்தை விடச் சொல்லி, "கவர்ல போட்டா தூசு ஏறாது அத்தா" என்று இந்த உறைகளை வாங்கி வந்தவர் யார்? நான்! வேதியியல் வகுப்பெடுக்கும் நானே! வெட்கமாக இருக்கிறது.

கதிர்வேல் அண்ணே, ஊரறியப் பழித்தோம். ஊரறியவே கேட்கிறேன், மன்னியுங்கள்.

அத்தா எழுந்துவிட்டார். மைக் இல்லாமலே கேட்கிறது: "தப்பு எங்க மேலதான். நாளைக்கு வந்து பாவு எடுத்துக்கினு போப்பா."

அண்ணன் என்ன சொல்கிறார்? அமைதி, அமைதி! "நான் வர மாட்டேன் பாய். தெருவே பாக்க நீங்க எடுத்துக்கினு வாங்க."

நியாயம்! நூற்றுக்கு நூறு நியாயம்! வருவோம் அண்ணே. அத்தா முன்னே, பாவு சுமந்து நான் பின்னே!

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. நாளைக் காலை அவரவர் வாசலுக்கு வந்து நின்று பாருங்கள். வணக்கம்!