பெயர் தெரியாத பெண்

கடலூர்த் தண்ணீரில் வெள்ளைத் துணி சீக்கிரம் பழுத்துவிடும் சார். அதனால்தான் எங்கள் காப்பகத்துப் பெண்கள் நாற்பது பேருக்கும் சாம்பல் நிறத்தில் நைட்டி தைக்கக் கொடுத்தேன். பேன் தொல்லைக்கு எல்லோருக்கும் மொட்டை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருத்திக்குச் செல்லம், இன்னொருத்திக்குப் பொறாமை. ஆகவே எல்லோரும் 'அம்மா'தான். ஆறே மாதத்தில் காப்பகம் அமைதியானது. பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள்.

தைலம்மாள் வந்த பிறகுதான் சிக்கல். கிள்ளை ஊர்க்காரர், கொஞ்சம் மறதி. சிதம்பரத்தில் தரிசனக் கூட்டத்தில் வழி தவறியவரைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். மகள் குவைத்தில், வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார். விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை.

சாயங்காலமானால் ஒவ்வொரு பாயாகப் போய் உட்காருவார். "உம் பேரு இன்னாடி? எந்த ஊரு?" என்று கேட்பார். ஒருத்தி பண்ருட்டி என்றாள். இன்னொருத்தி பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழுதாள். பிறகு கதவடியில் கூட்டம், "வூட்டுக்குப் போறேன்" என்று ஒரே பேச்சு. வெளியே விட்டால் யார் பார்ப்பார்கள்? நான் யாரையும் அடித்ததில்லை. காலைக் கஞ்சியில் தூக்க மாத்திரை கலந்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு. தைலம்மாளுக்கு மட்டும் இரண்டு மடங்கு. முகம் வீங்கிப்போனது. பேச்சும் நின்றது.

இரண்டு வருஷம் கழித்து மகள் சிந்துஜா போட்டோவோடு வந்தாள். போட்டோவில் கொண்டையும் மூக்குத்தியும். வரிசையாக உட்காரவைத்துக் காட்டினேன். ஒவ்வொருவர் முன்னும் குனிந்து, "எம்மா, நாந்தாம்மா சிந்து" என்றாள். தைலம்மாள் முன்னால் மட்டும் நின்றுவிட்டாள். அந்த அம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இவுங்க யாரு சார்?"

"பத்து வருஷமா இங்கதாம்மா இருக்காங்க. பேச்சு கிடையாது."

ஒருவரை அனுப்பினால் மற்றவர்களும் கேட்பார்கள். நாற்பது பேரின் நிம்மதியையும் நான்தானே பார்க்க வேண்டும்?

சிந்துஜா அந்தக் கன்னத்தைத் தொட்டாள். "எங்கம்மா மாதிரியே இருக்கீங்க" என்றாள். அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அதன் பிறகு தைலம்மாள் ராத்திரியெல்லாம் வாயை அசைத்துக்கொண்டே இருந்தார். மாத்திரையைக் கூட்டினேன். பதினோராம் நாள் எழுந்திருக்கவில்லை. கொன்றது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறப்புப் பதிவுக்கு 'பெயர் தெரியாத பெண்' என்று எழுதிக் கொடுத்ததைப் பொய் என்கிறீர்களே, அது நியாயமில்லை. முந்தின நாள் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன் சார். அவர் சொல்லவில்லை.